லேபலைச் சத்தமாய் வாசியுங்கோ

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் தங்கச்சியின் பிள்ளைகள். அவள் போன பிறகு என்னோடு வந்ததுகள். ஆறும் நல்லாய் இருக்குதுகள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இப்ப எழுத வந்தது பிள்ளைகளைப் பற்றி இல்லை, கடையைப் பற்றி.

உடுப்பிட்டியிலிருந்து நெல்லியடிக்குப் போகிற வழியில் ஒரு பூச்சி மருந்துக் கடை இருக்கிறது. மருந்து விற்கிற லைசன்ஸ் என் பெயரில் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. புதிதாய் மருந்துக்கடை வைக்கப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிற விவசாயப் போதனாசிரியர் போன மாதம் கடைக்கு வந்தார். "அம்மா, நீங்கள் பட்டதுகளை ஒரு கொப்பியிலை எழுதித் தாங்கோ. நான் வகுப்பிலை வாசிச்சுக் காட்டுறன்" என்றார். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்து எனக்கு ஆறுதலாய்த்தான் வரும். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். எழுத்துப் பிழை இருந்தால் பேத்தி தர்ஷி திருத்துவாள். விசயத்தில் கை வைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

1. நீலப் பட்டை

இவர், என் மனுசன், கூட்டுறவுச் சங்கக்கடையில் மருந்துப் பகுதியில் வேலை செய்தவர். சண்டை முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, சேர்ட்டிபிக்கற் எடுத்துச் சொந்தமாய்க் கடை திறந்தார். சட்டம் அப்படி. பரீட்சையில் பாஸ் பண்ணின ஒருவர் கடையில் நிற்க வேண்டும். மருந்து பூட்டுகிற அலுமாரிக்குள் இருக்க வேண்டும். அரிசி, சீனி, பிஸ்கற் எதுவும் அந்தக் கடையில் விற்கக் கூடாது. பெரிய போத்தலை உடைத்துச் சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. ஒரு பரப்பு, இரண்டு பரப்புத் துண்டுக் காணியில் தோட்டம் செய்கிற கமக்காரருக்கு அது பெரிய கரைச்சல்தான். "கால் போத்தல் ஊத்தித் தாருமன்" என்று கேட்காதவர் இல்லை. இவர் ஒருநாளும் ஊற்றிக் கொடுத்ததில்லை.

நான் அதுவரைக்கும் தோட்டக்காரி. வெங்காயம் நடத் தெரியும். இலையைத் திருப்பிப் பார்த்தால் என்ன புழு என்று சொல்லத் தெரியும். போத்தலில் இருக்கிற சின்ன எழுத்துத்தான் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டினால் வரும். ஆனால் ஒரு லேபலைக் கூட்டி முடிக்கிறதுக்குள் வந்தவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

லேபலுக்கு அடியில் ஒரு நிறப்பட்டை இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. எங்கள் அலுமாரியில் புழு மருந்து வைத்த தட்டு முழுக்க நீலமாய் இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. நீலப்பட்டை என்றால் புழுவுக்கு என்று எனக்குள் நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் இவர் சரக்கு எடுக்க யாழ்ப்பாணம் போய்விட்டார். சட்டப்படி அன்றைக்குக் கடையைப் பூட்டியிருக்க வேண்டும். நான் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அதுதான் முதல் பிழை. தம்பிராசா அண்ணை வந்தார். எங்கள் ஊரில் வெங்காயத்துக்குப் பெயர் போன ஆள்.

"தங்கச்சி, வெங்காயத்திலை புழு விழுந்திட்டுது. கெதியாய் ஒரு மருந்து தா. தண்ணி இறைக்க ஆள் பாத்துக்கொண்டு நிக்குது."

நான் கீழ்த்தட்டில் கிடந்த பெட்டியை உடைத்து நீலப்பட்டை போட்ட ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் சைக்கிள் கரியலில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். ஒரு பிடி வெங்காயத் தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். வைக்கோல் மாதிரி இருந்தது.

"உது என்ன தங்கச்சி?"

இவர் கடையில்தான் நின்றார். அண்ணை கொண்டுவந்த வெறும் போத்தலை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"இது புல்லுக்கு அடிக்கிற மருந்து."

"நீலப்பட்டைதானே!" என்றேன் நான்.

"நீலம் எவ்வளவு நஞ்செண்டு சொல்லும். எதுக்கெண்டு சொல்லாது. அதை எழுத்துத்தான் சொல்லும்."

போத்தலை வெங்காயத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு இவர் மெதுவாய்க் கேட்டார். "அண்ணை, நீங்கள் படிச்ச ஆள். அடிக்க முதல் வாசிச்சுப் பாக்கேல்லையோ?"

"மருந்துக்கடையிலை தந்ததை நான் ஏன் வாசிக்க? வாசிச்சுத்தானே தாறியள்?"

அந்தக் கேள்வி இப்பவும் என் காதில் நிற்கிறது. அவர் நான் வாசித்தேன் என்று நினைத்தார். நிறமே சொல்லும் என்று நான் நினைத்தேன். இரண்டு பரப்பு வெங்காயம் போய்விட்டது.

எங்கள் பின்வளவுக் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயம் முழுவதையும் இறக்கினேன். நானும் இவரும் மருமகளும் அண்ணையின் தோட்டத்துக்குப் போய் மூன்று நாள் குந்தியிருந்து நட்டோம். அண்ணை வரம்பில் நின்று பார்த்தார். முதல் நாள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இரண்டாம் நாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மூன்றாம் நாள், "மருந்து குடுக்கத் தெரியாட்டிலும் நடத் தெரியுது" என்றார்.

2. "இது கடையோ, பள்ளிக்கூடமோ?"

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். மருந்து வாங்க வருகிறவர் யாராய் இருந்தாலும் போத்தலைக் கையில் கொடுப்பேன். "லேபலைச் சத்தமாய் வாசியுங்கோ" என்பேன். எந்தப் பயிருக்கு, என்ன பூச்சிக்கு, மருந்தடிக்கிற டாங்கி ஒன்றுக்கு எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பிடுங்கலாம். இவ்வளவும் வாசித்து முடிந்த பிறகுதான் பையில் போடுவேன்.

ஊர் சிரித்தது.

"இது கடையோ, பள்ளிக்கூடமோ?"

"அக்கா, பிரம்பும் வைச்சிருக்கிறியளோ?"

"வாசிக்காட்டி வெய்யிலிலை விடுவியளோ?"

"வெய்யிலிலை விடமாட்டன், வெறுங்கையோடை விடுவன்" என்பேன்.

கண்ணாடி மறந்து வந்தவருக்கு அடுத்து நிற்கிறவர் வாசிப்பார். வாசிக்கத் தெரியாதவர் வந்தால் வாங்கில் இருக்கச் சொல்லி, வாசிக்கத் தெரிந்தவர் வரும்வரைக்கும் மறித்து வைப்பேன். சிலர் கோபித்துக்கொண்டு நெல்லியடிக்குப் போய் வாங்கினார்கள். போகட்டும் என்று விட்டேன்.

ஒருமுறை கத்தரித் தோட்டக்காரர் ஒருவர் கடகடவென்று வாசித்துக்கொண்டு வந்தார். "அடித்துப் பதினான்கு நாட்களின் பின்னரே அறுவடை செய்ய வேண்டும்" என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"என்ன, எழுத்து விளங்கேல்லையோ?"

"எழுத்து விளங்குது அக்கா. நான் நாளையிண்டைக்குச் சந்தைக்குப் பிடுங்க இருந்தனான்."

"அப்ப போத்தலை வையுங்கோ."

வைத்தார். தலையைச் சொறிந்துகொண்டு போனார். அந்தக் கத்தரிக்காயை யார் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட இருந்ததுகளோ தெரியாது. எனக்கு அன்று முழுக்கச் சந்தோசம்.

நான் கண்டிப்பான ஆள் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மை என்ன என்று இவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு வாசிக்கத் தெரியாதபடியால்தான் அவர்களை வாசிக்க விட்டேன். அவர்கள் வாசிக்கும்போது விரலை எழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு போவார்கள். என் கண் அந்த விரலுக்குப் பின்னால் போகும். காது சொல்லைப் பிடிக்கும், கண் எழுத்தைப் பிடிக்கும். வருசக்கணக்காய் அப்படி. அலுமாரியில் இருந்த அவ்வளவு லேபலும் எனக்குத் தேவாரம் மாதிரிப் பாடமாகிவிட்டது.

3. பூட்டின அலுமாரி

இவர் மூன்று வருசத்துக்கு முன் காலமானார். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்துக்கொண்டு வந்து, அடுத்த கிழமை கடையைத் திறந்தேன். மூன்றாம் நாள், இந்தக் கொப்பியைக் கேட்ட அதே போதனாசிரியர் பரிசோதனைக்கு வந்தார். அப்ப புதிதாய் மாறி வந்தவர், என் கடைசி மகனின் வயது இருக்கும். அலுமாரியைப் பார்த்தார். காலாவதியான போத்தல் ஒன்றும் இல்லை. ஊற்றி வைத்த போத்தல் ஒன்றும் இல்லை. அந்த நேரம் நின்ற ஆளை நான் வாசிக்க வைத்ததையும் பார்த்தார். சிரித்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"அம்மா, சேர்ட்டிபிக்கற் ஐயாவின்ரை பேரிலை கிடக்கு."

"ஓம் தம்பி."

"ஐயா இல்லாமல் நீங்கள் விக்க ஏலாது. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஏலாது."

அலுமாரியைப் பூட்டித் திறப்பை என்னிடமே தந்தார். கதவு இரண்டுக்கும் நடுவில் கடதாசி ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். "ஒண்டில் பரீட்சை எழுதின ஆளை வேலைக்கு எடுங்கோ. இல்லாட்டி நீங்கள் எழுதுங்கோ."

என் மூத்தவன் கனடாவில் இருக்கிறான். அன்று பின்னேரமே போனில் வந்தான்.

"அம்மா, இனிப் போதும். ரோட்டுக்கரைக் கடை. போன் திருத்திற பெடியள் கேக்கிறாங்கள். குடுத்திட்டுப் பேசாமல் இருங்கோ."

"பேசாமல் இருக்க எனக்குத் தெரியாதெண்டு உனக்குத் தெரியும்தானே."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதெண்டும் தெரியும்."

அது எனக்குச் சுட்டது. அவன் பொய் சொல்லவில்லை, அதனால் இன்னும் சுட்டது. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் ஒருதரம் பரீட்சை எழுதுவது. பெயிலானால் கடையை அந்தப் பெடியளுக்குக் கொடுத்துவிடுவது. போனை வைத்த பிறகு பூட்டின அலுமாரிக்கு முன்னால் நின்றேன். கண்ணாடிக்கு அங்காலே என் போத்தல்கள் எல்லாம் வரிசையாய் நின்றன.

4. விறாந்தை

வகுப்பு இரண்டு நாள். முப்பது பேர் மட்டில் வந்திருந்தார்கள். சேலை கட்டின ஆள் நான் ஒருத்திதான். நெல்லியடியில் மருந்துக்கடை திறக்க இருந்த ஒரு தம்பி எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மடிப்புக் குலையாத சேட்டு, பொக்கற்றில் இரண்டு பேனை.

"அம்மா, பேரனைக் கொண்டுவந்து விட வந்தனியளோ?"

"இல்லைத் தம்பி. உம்மைக் கொண்டுவந்து விட்டது ஆர்?"

அதற்குப் பிறகு என்னோடு மரியாதையாய்க் கதைத்தார்.

இரண்டாம் நாள் பரீட்சை. பேப்பரைத் தந்தார்கள். நான் பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நின்றது. எனக்கு வாய் திறந்தால்தான் எழுத்து அசையும். மெல்லமாய் வாய்க்குள் கூட்டினேன். பரீட்சை ஹோல் அமைதியாய் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வாயைப் பொத்தினேன். பொத்தினால் ஒன்றும் விளங்கவில்லை. நேரம் போகுது. பெரிய மணிக்கூட்டு முள்ளு ஓடுது.  போன் திருத்துகிற பெடியள் என் கடைக்குள் மேசை போடுகிறது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

போதனாசிரியர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"என்ன அம்மா, வாசிக்கத் தெரியாதோ?"

"தெரியும் சேர். சத்தமாய்த்தான் தெரியும்."

அவர் நிமிர்ந்தார். கடையில் நான் ஆட்களை வாசிக்க வைத்தது ஏன் என்று அந்த நேரத்தில்தான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.  ஒரு கதிரையைத் தூக்கினார்.

"ஹோலுக்குள்ளை சத்தம் போடக் கூடாது எண்டுதான் கிடக்கு. விறாந்தை ஹோல் இல்லை. வாங்கோ."

விறாந்தையில் இருந்து, மடியில் ஒரு மட்டையை வைத்து, முதல் கேள்வியைச் சத்தமாய்க் கூட்டினேன். "பீ... டை... கொல்..." லேபலில் மருந்துக்குப் போட்டிருக்கிற பெயர், பீடைகொல்லி. அவ்வளவும்தான், மிச்சம் தானாய் வந்தது. பேப்பரில் இருந்த சொல் எல்லாம் என் கடைச் சொல். பேப்பரில் தேர்தல் செய்தி கேட்டிருந்தால் நான் பெயில். கேட்டிருந்தது அளவு, டாங்கி, கையுறை, அறுவடை, காலாவதி. ஆயிரம் தரம் கேட்ட சொல். கண்டவுடன் இன்ன சொல் என்று தெரிந்தது, வீதியில் வருகிற ஆளைத் தூரத்தில் நடையிலேயே பிடிக்கிற மாதிரி.

நாலாம் கேள்வி: "லேபலில் உள்ள நிறப்பட்டை எதைக் காட்டும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எவ்வளவு நஞ்செண்டு காட்டும். எதுக்கெண்டு காட்டாது" என்று சத்தமாய்ச் சொல்லிக்கொண்டே எழுதினேன். அந்த விடைக்கு இரண்டு பரப்பு வெங்காயம் கொடுத்தவள் நான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே போதனாசிரியர் சேரின் சத்தம் கேட்டது. "யன்னல் கரையிலை இருக்கிறவையள், என்ன எல்லாரும் வெளியிலை காது குடுத்துக்கொண்டிருக்கிறியள்?" பிறகு யன்னல் எல்லாம் படபடவென்று சாத்துப்பட்டது. நான் சொல்லச் சொல்ல உள்ளே எழுதியிருக்கிறார்கள்! இரண்டாம் வகுப்புக்காரியைப் பார்த்துக் கொப்பி அடித்திருக்கிறார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

பேப்பர் முடிந்த பிறகு செய்முறை. சேர் மேசையில் ஒரு சாராயப் போத்தலை வைத்தார். லேபல் இல்லை. பாதிக்கு மண்ணிறத்தில் ஏதோ தண்ணி. "இது ஒரு கமக்காரர் உங்களிட்டைக் கொண்டுவாறார். என்ன மருந்து, எப்பிடிக் கையாளுவியள்?" என்று ஒவ்வொருவராய்க் கூப்பிட்டுக் கேட்டார்.

எல்லாரும் அனுபவசாலிகள். ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒரு பெயர் சொன்னார். ஒருவர் குலுக்கி நுரையைப் பார்த்து வேறு பெயர் சொன்னார். நெல்லியடித் தம்பி மூடியைத் திறந்து மணந்தார். "இது புகையிலைக்கு அடிக்கிறது சேர். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்" என்றார்.

கடைசியாய் என் முறை வந்தது. நான் போத்தலைத் தொடவில்லை.

"தெரியாது சேர்" என்றேன்.

பின்னால் சிரித்தார்கள்.

"தெரியாதோ அம்மா? கனகாலம் கடையிலை நிண்டனியள்."

"நிண்டபடியால்தான் சொல்லுறன். லேபல் இல்லாட்டி அது என்ன எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நிறம் பாத்துச் சொல்லுறதும் பிழை, மணந்து பாக்கிறது அதைவிடப் பிழை. நான் அதை விக்கவும் மாட்டன், ஊத்தவும் மாட்டன். பிள்ளையளின்ரை கை படாமல் புறம்பாய்ப் பூட்டி வைச்சிட்டு உங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவன்."

சேர் மற்றவர்களைப் பார்த்தார். "உதுதான் விடை" என்றார். "முப்பது பேரிலை ஒராள்." பிறகு நெல்லியடித் தம்பியிடம், "உள்ளுக்கை இருந்தது தேயிலைச் சாயம். கண்ணை மூடிக்கொண்டு புகையிலைக்கு அடியும்" என்றார்.

ஹோலே இடிந்து விழுந்த மாதிரிச் சிரிப்பு. தம்பியும் சிரித்தார். நல்ல பிள்ளை. இப்ப அவரும் கடை நடத்துகிறார். போத்தலை மணக்கிறதில்லை.

5. என் பெயர்

சேர் ஒருநாள் காலமை மோட்டச்சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு மட்டை உறை. தம்பிராசா அண்ணை முன்வாங்கில் இருந்தார். கடை பூட்டிக் கிடந்த காலம் முழுக்க அவர் நெல்லியடிக்குப் போகவில்லை. "தங்கச்சி பாஸ் பண்ணட்டும், புழு அதுவரைக்கும் தின்னட்டும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

சேர் உறையை நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

"சத்தமாய் வாசியுங்கோ சேர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கடதாசியை வெளியில் எடுத்து நிமிர்ந்து நின்று, வகுப்பில் வாசிக்கிற மாதிரி வாசித்தார். பீடைகொல்லி விற்பனை செய்வதற்கான தகைமை பெற்றவர் என்று வந்தது. அதற்குப் பிறகு, "திருமதி பொன்னுத்துரை தையல்நாயகி."

இவரின் பெயரும் என் பெயரும். அவரின் விரல் எழுத்துக்குக் கீழே போனது. என் கண் பின்னால் போனது. ஒரு எழுத்தும் பிசகவில்லை.

சேர் அலுமாரியில் ஒட்டியிருந்த கடதாசியைக் கிழித்தார். நான் திறப்பைப் போட்டேன். தம்பிராசா அண்ணை எழும்பி வந்து, "வெங்காயப் புழுவுக்கு ஒண்டு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். நான் கேட்க முதல் அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரோட்டால் போகிறவர்களுக்கும் கேட்கத்தக்கதாய் வாசிக்கத் தொடங்கினார். முடிவில், "புல்லுக்கு இல்லை" என்று தானாய் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் மூத்தவனுக்குப் போன் எடுத்தேன். நான் பாஸ் பண்ணினதைக் கேட்டான். பிறகு, "அம்மா, அந்தப் பெடியளுக்கு நான் இல்லையெண்டு சொல்லிவிடுறன்" என்றான். "நான் எப்பவோ சொல்லிப்போட்டன்" என்றேன்.

மருந்துக்கடை வைக்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவும்தான். தெரியாததைத் தெரிந்த மாதிரிக் கொடுக்காதையுங்கோ. உங்களை நம்பி ஒருவரும் வாசிக்க மாட்டார்கள், அதனால் நீங்கள் வாசிக்க வையுங்கோ. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தோட்டம் தப்பும், அதில் சாப்பிடுகிற பிள்ளைகள் தப்பும்.

கொப்பியில் இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறது. அது கிடக்கட்டும். தர்ஷி உள்ளே படிக்கிறாள், கூப்பிடப் போகிறேன். நான் எழுதினது சரியோ என்று எனக்குக் காதால் கேட்டால்தான் தெரியும்.

பிள்ளை தர்ஷி, இஞ்சை வா. போனை வைச்சிட்டு இந்தக் கொப்பியைப் பிடி. மனதுக்குள்ளை இல்லை. விரலை வைச்சு, முதல் எழுத்திலையிருந்து, சத்தமாய் வாசி பாப்பம்.